ஆன்ட்டிபயாட்டிக் வேணுமா, வேண்டாமா? டாக்டருக்குத் துணை நிற்கும் கம்ப்யூட்டர்!

மூணு நாளாக இருமல். லேசான காய்ச்சல். தொண்டை கரகரவென்கிறது. டாக்டரிடம் போகிறீர்கள். நாக்கை நீட்டச் சொல்கிறார், ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து 'மூச்சை இழுத்து விடுங்க' என்கிறார், சீட்டை எடுத்து எழுத ஆரம்பிக்கிறார். அந்தச் சீட்டில் ஆன்ட்டிபயாட்டிக் இருக்கப் போகிறதா, இல்லையா? இதை முடிவு செய்ய அவருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிஷம்தான். வெளியே பெஞ்சில் இன்னும் அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அவர் மனசில் ஓட வேண்டிய கேள்விகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இது வைரஸா, பாக்டீரியாவா? பாக்டீரியா என்றால் எந்த வகை? இந்த வட்டாரத்தில் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது? இவருக்குப் பென்சிலின் அலர்ஜி உண்டா? சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா? பெண் என்றால், கர்ப்பமாக இருக்கிறாரா? குழந்தை என்றால் எடை என்ன? ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் எதையாவது வாங்கி விழுங்கிவிட்டு வந்திருக்கிறாரா? ஒருவேளை டி.பி.யாக இருக்குமோ?

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளப் பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் இருப்பார். மாடியில் லேப் இருக்கும். கிராமத்து ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ஒரே டாக்டர், ஒரே நர்ஸ். அவருடைய ஞாபக சக்திதான் எல்லாமே. அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரோ, கையடக்கமான டேப்லெட்டோ உட்கார்ந்து, "டாக்டர், மூச்சை எண்ணினீர்களா? அலர்ஜி கேட்டீர்களா?" என்று ஞாபகப்படுத்தினால் எப்படி இருக்கும்? உலகத்தில் பல இடங்களில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் இதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு முயற்சி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

ஊர் வளர்ந்தது... இருமலும்தான்!

சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்கப் போனவர்களுக்குத் தெரியும். அர்ச்சகர் திருமண்ணைக் கொஞ்சம் விலக்கி, தீபாராதனை வெளிச்சத்தில் மூன்றாவது கண்ணைக் காட்டுவார். ஒரு காலத்தில் கோயிலும் ரயில்வே ஸ்டேஷனும்தான் அந்த ஊருக்கு அடையாளம். இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் திரும்பினால் காரும் லாரியும் டயரும் செய்கிற தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஷிப்ட் பஸ்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள், நம் தென் மாவட்டத்துப் பிள்ளைகள், ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு இருமல் வந்தால் அறை முழுக்க இருமும்.

இவர்களுக்கு ஒரு அவசரம் உண்டு. 'லீவு போட முடியாது டாக்டர். நாளைக்கு டூட்டி. ஸ்ட்ராங்கா எழுதுங்க' என்பார்கள். தமிழ் சரியாக வராத பையன் கையை ஊசி மாதிரி வைத்துக் காட்டுவான். டாக்டரிடம்கூடப் போகாமல் மெடிக்கல் ஷாப்பிலேயே 'இருமலுக்கு நாலு மாத்திரை' என்று வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு நாள் சம்பளம் போனால் ஊருக்கு அனுப்புகிற பணத்தில் அல்லவா துண்டு விழும்!

பார்க்கப் போனால் இது தொழில் நகரம். ஆனால் வைத்திய விஷயத்தில் இன்னமும் கிராமத்துக் கணக்குதான். பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். சளியையோ சிறுநீரையோ கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட் வர எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் சும்மா இருக்க முடியாது. அனுமானமாகத்தான் எழுதுகிறார்.

அனுமானம் தப்பினால் என்ன?

சாதாரண ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, குழந்தைகளின் தண்ணீர் பேதி... இவையெல்லாம் அநேகமாக வைரஸ் வேலை. ஆன்ட்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 'ஆனா எனக்கு மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சே!' என்கிறீர்களா? மாத்திரை போடாமல் இருந்திருந்தாலும் அதே நாலைந்து நாளில் சரியாகியிருக்கும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விட்டது.

போனால் போகிறது, வீணான மாத்திரை என்று விட்டுவிடவும் முடியாது. நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆன்ட்டிபயாட்டிக் உள்ளே போனதும் அதற்குப் பணிகிற கிருமிகள் சாகின்றன, பணியாதவை தப்பிக்கின்றன. இடம் காலியானதும் தப்பித்தவை பெருகுகின்றன. எதிர்ப்புச் சக்தியைக் கொடுக்கிற மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் தானம் செய்கின்றன. பிறகு ஒரு நாள் நிஜமாகவே சிறுநீர்த் தாரையிலோ நுரையீரலிலோ நோய் வரும்போது, மருந்து வேலை செய்யாது. உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் உங்களோடு இருப்பவர்களுக்கும் இதே கதை நேரலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் என்று 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2010-ல் 'என்.டி.எம்.-1' என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது ஞாபகம் இருக்கிறதா? கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் நொதி அது. அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியுடையது. சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அந்த ஆய்வில் இருந்தன. 'டெல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்களே என்று அரசியல் சண்டை நடந்ததே தவிர, நாம் மாத்திரை விழுங்குவதைக் குறைக்கவில்லை.

வேலூர் சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கிற ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கடைகளிலும் ஆட்களை நிறுத்தி, வெளியே வருகிறவர்கள் என்ன மருந்தோடு வருகிறார்கள் என்று இரண்டு வருடம் பதிவு செய்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், பத்துப் பேரில் நாலு பேர் கையில் ஆன்ட்டிபயாட்டிக் இருந்தது! 2013-ல் வெளியான கணக்கு இது.

கம்ப்யூட்டர் டாக்டர் பிறந்த கதை

ஆன்ட்டிபயாட்டிக் விஷயத்தில் கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்பது புது யோசனை இல்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலான கதை. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்பவர் ஒரு புரோகிராம் எழுதினார். பெயர் 'மைசின்'. ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் என்று பல மருந்துகளின் வாலில் வருகிறதே, அதே மைசின்தான்! ரத்தத்தில் கிருமி கலந்த நோயாளிக்கும் மூளைக்காய்ச்சல் நோயாளிக்கும் எந்த மருந்து, எவ்வளவு என்று அது யோசனை சொல்லும். 'இப்படி இருந்தால் இப்படி' என்கிற மாதிரி சுமார் 500 விதிகளை அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டால் காரணமும் சொல்லும். நம் வீட்டுப் பிள்ளைகளைவிட மரியாதை தெரிந்த கம்ப்யூட்டர்!

1979-ல் அதற்குப் பரீட்சை வைத்தார்கள். மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரின் விவரத்தை மைசினிடமும், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்களிடமும் கொடுத்தார்கள். எது யாருடைய பதில் என்று சொல்லாமல் வெளியூர் நிபுணர்கள் எட்டுப் பேரைத் திருத்தச் சொன்னார்கள். மைசினுக்கு 65 சதவீதம். பேராசிரியர்களுக்கு 42.5-லிருந்து 62.5 வரை. கம்ப்யூட்டர்தான் முதல் மார்க்!

அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரியிலும் வைத்திருப்பார்களே என்று நினைப்பீர்கள். இல்லை. ஒரு நோயாளிக்குக்கூட அது வார்டில் நிஜமாக உபயோகப்படவில்லை. காரணம் மிகச் சாதாரணம். ஒவ்வொரு கேள்விக்கும் டாக்டர் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். அரைமணி நேரம் அதற்கே போய்விடும். எத்தனை புத்திசாலி கருவியாக இருந்தாலும் டாக்டரின் நேரத்தைத் தின்றால் மூலையில்தான் கிடக்கும். இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த முயற்சி அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தது. இந்தத் தடவை டாக்டர் எதையும் டைப் அடிக்க வேண்டியதில்லை. லேப் ரிசல்ட், எக்ஸ்ரே, அலர்ஜி விவரம் எல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தன. டாக்டர் பட்டனைத் தட்டினால் அந்த நோயாளிக்கு ஏற்ற மருந்தும் அளவும் திரையில் வரும். ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம், இஷ்டம். 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் 1136 நோயாளிகளில், கிருமிக்குக் கட்டுப்படாத மருந்தை எழுதிய சம்பவங்கள் 206. கம்ப்யூட்டர் வந்த வருடத்தில் 545 நோயாளிகளில் வெறும் 12. அலர்ஜி இருக்கிற மருந்தையே எழுதிவிட்ட சம்பவங்கள் 146-லிருந்து 35 ஆகின. நோயாளிகளின் எண்ணிக்கை பாதிதான் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் நல்ல லாபம்தானே?

கிராமத்துக்கு வந்தபோது...

தீவிர சிகிச்சைப் பிரிவு சரி. கிராமத்து டாக்டருக்கு? 2001-லிருந்து 2003 வரை அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ மாநிலங்களில் பன்னிரண்டு கிராமப்புறப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஆறு பகுதியில் மக்களுக்கு விழிப்புணர்வுப் பிரசாரம் மட்டும். மற்ற ஆறில் பிரசாரத்தோடு டாக்டர்களுக்கு ஒரு துணைக்கருவியும் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர். அது பிடிக்காதவர்களுக்குக் காகிதத்தில் அச்சடித்த படிவம். நோய்க்குறிகளைக் குறித்துக்கொண்டே போனால் 'இது வைரஸ் சளி, ஆன்ட்டிபயாட்டிக் தேவையில்லை' என்றோ, 'நிமோனியா, இந்த மருந்து' என்றோ வழி காட்டும். பிரசாரம் மட்டும் நடந்த பகுதிகளில் வருடத்துக்கு நூறு பேருக்கு 84 சீட்டு என்றிருந்தது 85 ஆனது. அதாவது, ஒன்றும் அசையவில்லை. கருவியும் சேர்ந்த பகுதிகளில் 84-லிருந்து 75-க்கு இறங்கியது. போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது, எழுதுகிற கைக்குப் பக்கத்தில் துணை வேண்டும் என்பது அங்கே தெரிந்தது.

இதைவிட ஆச்சரியம் ஆப்பிரிக்காவில். தான்சானியாவில் நாற்பது சுகாதார நிலையங்கள். இருபதில் வழக்கம்போல் வைத்தியம். இருபதில் டேப்லெட். குழந்தையின் வயது, எடை, காய்ச்சல் எத்தனை நாள் என்று நர்ஸோ வைத்தியரோ தட்டிக்கொண்டே போக வேண்டும். கூடவே விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர், ஒரு சொட்டு ரத்தத்தில் செய்கிற சின்ன டெஸ்ட்கள். 2024-ல் வந்த முடிவைப் பாருங்கள். வழக்கமான வைத்தியத்தில் நூறு குழந்தைகளில் எழுபது பேருக்கு ஆன்ட்டிபயாட்டிக் எழுதினார்கள். டேப்லெட் வைத்திருந்த இடங்களில் 23 பேருக்கு மட்டும்! 'ஐயையோ, மருந்து கொடுக்காத குழந்தைகள் என்ன ஆனார்கள்?' என்று உங்கள் வயிறு கலங்கும். ஏழாவது நாள் விசாரித்தார்கள். குணமாகாத குழந்தைகள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. வித்தியாசமே இல்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மந்திரம் ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் மனசுக்குள் போடுகிற கணக்கையே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு துண்டை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம்.

குழந்தைக்கு இருமல். நிமோனியாவா, வெறும் சளியா? உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழி, மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்குங்கள். வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோம்பேறித்தனம் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம்... இதில் ஒன்று இருந்தால்கூட எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கம்ப்யூட்டரும் முதலில் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். இவை எதுவும் இல்லை, மூச்சும் சாதாரணம் என்றால் அது பெரும்பாலும் சளி. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு, தாய்ப்பால், கண்காணிப்பு போதும்.

பெரியவர்களின் தொண்டை வலிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1981-ல் ராபர்ட் சென்டார் என்ற டாக்டர் வகுத்தது. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற நெறிகட்டி, இருமல் இல்லாமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் அது வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூஜ்யம், ஒன்று என்று மார்க் வந்தால் ஆன்ட்டிபயாட்டிக் தேவைப்படாது. நாம் என்ன செய்கிறோம்? இருமல் இருந்தால்தான் அசித்ரோமைசின் கேட்கிறோம்!

மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கருவி உதவும். உலக சுகாதார நிறுவனம் 2017-லிருந்து ஆன்ட்டிபயாட்டிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்திருக்கிறது. முதல் கூடை, சாதாரண நோய்களுக்கு முதலில் எடுக்க வேண்டியது: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை. இரண்டாவது, யோசித்து எடுக்க வேண்டியது: அசித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் இதில்தான். மூன்றாவது, கடைசி ஆயுதம், கொலிஸ்டின் மாதிரி. 2030-க்குள் மனிதர்கள் உபயோகிக்கும் ஆன்ட்டிபயாட்டிக்கில் 70 சதவீதமாவது முதல் கூடையிலிருந்து இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, எந்தக் கூடை அதிகம் என்று பாருங்களேன்.

நம்மூர் உதாரணம்

சரி, தான்சானியா இருக்கட்டும், தமிழ்நாட்டில் நடக்குமா? நடந்திருக்கிறது, டி.பி. விஷயத்தில்.

டி.பி.க்குக் கொடுப்பதும் ஆன்ட்டிபயாட்டிக்தான், ஆறு மாதத்துக்கு. மருந்து இலவசம். இருந்தும் மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துபோகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே உடம்பு அத்தனை நலிந்திருக்கும். அவர்களுக்கு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது. அட்மிட் செய்து சத்துணவும் ஆக்ஸிஜனும் கொடுக்க வேண்டும். ஆனால் நூறு பேரில் யார் அந்த ஆபத்தான ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2022-ல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஆரம்பமானது. சென்னையில் இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் துணை நின்றது. டி.பி. என்று தெரிந்ததும் அங்கேயே நர்ஸோ ஊழியரோ சில விஷயங்களை மட்டும் பார்க்கிறார்கள். உயரம், எடை போட்டு உடல் எடைக் குறியீடு, காலில் வீக்கம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிமீட்டரில் ஆக்ஸிஜன் அளவு, யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. எடைக் குறியீடு 14-ம் அதற்குக் கீழும், அல்லது 16-க்குள் இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தால், மூச்சு 24-ஐத் தாண்டினால், ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனால், நிற்க முடியாவிட்டால்... இதில் ஒன்று இருந்தாலும் 'இவரை வீட்டுக்கு அனுப்பாதே' என்று அர்த்தம். இந்த விவரங்களை ஒரு கம்ப்யூட்டர் செயலியிலும் ஏற்றுகிறார்கள். 2025-ல் இன்னும் ஒரு படி போய், இதே ஐந்து விஷயங்களை வைத்து அந்த நோயாளிக்கு உயிராபத்து எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுக் காட்டும் வசதியைச் சேர்த்தார்கள். ஆபத்துக்குறி இல்லாதவருக்கு 1-லிருந்து 4 சதவீதம். இருப்பவருக்கு 50 சதவீதம் வரை போகலாம். திரையில் ஐம்பது என்று பார்த்த பிறகு 'பெட் இல்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்ல எவருக்காவது மனசு வருமா?

இதில் எனக்குப் பிடித்தது அதன் எளிமைதான். மைசின் 500 விதியோடு மூலையில் கிடந்தது. இது ஐந்து கேள்வியோடு வேலை செய்கிறது. வீட்டிலிருந்தே டி.பி. மருந்து சாப்பிடலாம், சானிடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னதும் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். யாரைப் படுக்க வைத்தே ஆகவேண்டும் என்று சொல்வதும் இப்போது அதே ஊர்!

டி.பி.க்கும் நம் இருமல் மாத்திரைக்கும் இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. ஒரகடம் பக்கம் வேலை செய்கிற ஒரு இளைஞருக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. யாரோ லெவோஃப்ளாக்சசின் கொடுக்கிறார்கள். அந்த மருந்து டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் குறைகிறது, அவரும் ஷிப்டுக்குப் போகிறார். ஆனால் கிருமி சாகவில்லை, பதுங்கியிருக்கிறது. சளிப் பரிசோதனையிலும் ஏமாற்றலாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது நோய் முற்றியிருக்கும். அறையில் கூட இருக்கிற ஐந்து பேருக்கும் பரவியிருக்கலாம். அதைவிட மோசம், மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கு வைத்தியம் செய்ய வைத்திருக்கிற ஆயுதமே லெவோஃப்ளாக்சசின்தான். அதைச் சாதாரண இருமலுக்கு மழுங்கடித்துவிட்டோம். 'இருமல் இரண்டு வாரத்துக்கு மேலா? முதலில் சளி டெஸ்ட்' என்று திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றால் இந்த விபத்து நடக்காது.

கம்ப்யூட்டரை நம்பி ஏமாறவும் செய்யலாம்

ஆகா, உடனே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒன்று வாங்கிப் போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். சில சிக்கல்கள் இருக்கின்றன. மிக முக்கியமான ஒன்றை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் நாம் கொடுக்கிற கணக்கை வைத்துத்தான் பதில் சொல்லும். எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்கிற கணக்கு நம் நாட்டில் எங்கிருந்து வருகிறது? ஐ.சி.எம்.ஆர். வருடா வருடம் வெளியிடுகிறது, நல்ல காரியம். ஆனால் அந்த மாதிரிகள் பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளில், பல நாள் படுத்திருக்கிற, பல மருந்து பார்த்துவிட்ட நோயாளிகளிடமிருந்து வருகின்றன. அங்கே கிருமிகள் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமத்தில் முதல் தடவையாகச் சிறுநீர்க் கடுப்பு வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கைப் பொருத்தினால் என்ன ஆகும்? 'சாதாரண மருந்து பலிக்காது, பெரிய ஊசி போடு' என்று கம்ப்யூட்டரே சிபாரிசு செய்துவிடும்! அவருக்கு ஐந்து நாள் நைட்ரோஃபுரன்டாயின் மாத்திரையே போதுமானதாக இருந்திருக்கும். குறைப்பதற்கு வந்த கருவி கூட்டிவிட்டுப் போகும். அதனால் அந்தந்த வட்டாரத்தில் கல்ச்சர் செய்து அந்த ஊர்க் கணக்கை ஏற்ற வேண்டும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் 'ஆன்ட்டிபயோகோ' என்று ஒரு இலவசச் செயலி தயாரித்திருக்கிறார்கள். கல்ச்சர் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மொபைல் கேமராவில் படம் எடுத்தால், எந்த மருந்து பலிக்கும் என்று படித்துச் சொல்ல உதவும். நிபுணர் இல்லாத சின்ன லேப்களுக்கு இது பெரிய ஒத்தாசை.

மற்றபடி, வழக்கமான தொல்லைகள். நொடிக்கு ஒரு எச்சரிக்கை கத்தினால் டாக்டர் படிக்காமலே 'ஓகே' தட்டிவிடுவார். கரன்ட் போகும், நெட் போகும். கம்ப்யூட்டர் சொல்கிற அமாக்சிசிலின் ஸ்டாக்கில் இருக்காது.

கடைப் பக்கத்து ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். டாக்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தலாம். சீட்டே இல்லாமல் வாங்குகிறவரை யார் கட்டுப்படுத்துவது? 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சிலிருந்து 'எச்-1' அட்டவணை அமலில் இருக்கிறது. அதில் இருக்கிற மருந்துகளைக் கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. யார் எழுதியது, யாருக்கு என்று தனி நோட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் திடீர் சோதனையே நடத்தினார்கள்.

உங்கள் பங்கு

டாக்டர் முன்னால் கம்ப்யூட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குத் தேவையான விவரம் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, என்ன ஆனது என்று எழுதுங்கள். வயிற்றைப் புரட்டியதும், உடம்பு தடித்து மூச்சுத் திணறியதும் ஒன்றல்ல, பிரித்து எழுதுங்கள். குழந்தையின் எடை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கடைசி மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்ட்டிபயாட்டிக்கின் பெயர் எல்லாம் இருக்கட்டும். பழைய அட்டையையே பையில் போட்டு எடுத்துப் போனாலும் சரி. 'மஞ்சள் கலர் மாத்திரை டாக்டர்' என்றால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாது!

டாக்டர் ஆன்ட்டிபயாட்டிக் எழுதாவிட்டால், 'சும்மா அனுப்பிட்டாரே' என்று அடுத்த டாக்டரிடம் ஓடாதீர்கள். 'எத்தனை நாளில் சரியாகும்? என்ன ஆனால் திரும்ப வரணும்?' என்று கேளுங்கள். எழுதினால், 'இது எதுக்கு? எத்தனை நாள்?' என்று தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இதைப் பிரசாரமாகவே செய்தது.

அக்கா குழந்தைக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று தம்பி குழந்தைக்குக் கொடுக்கிற பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. பவுடரில் தண்ணீர் கலந்து செய்கிற ஆன்ட்டிபயாட்டிக் சிரப், கலந்த நாளிலிருந்து ஒரு வாரம்தான் தாங்கும். சில வகை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம். கலந்தவுடனேயே பாட்டில் லேபிளில் பேனாவால் தேதியைப் போட்டுவிடுங்கள். தேதி தாண்டினால் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள்.